உடுப்பிட்டிக்குப் போன பெல் சுவிச்சு

கடையில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் கணினிப் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு போடுகிறார்கள். உள்ளே ஏழு நிறத்தில் விளக்குச் சுற்றுகிறது. தேர்த் திருவிழாச் சோடனை தோற்றுப்போகும். போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்த கயல்விழி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கள் சுவிச்சு மாத்திறதிலை பேர் போன ஆளாம். சுவிச்சிலை அப்பிடி மாத்த என்ன கிடக்கு?" என்று கேட்டாள்.

என்ன கிடக்கோ! எனக்கு வந்ததே ஒரு ரோசம். அன்று ஒரு மணித்தியாலம் அவளை இருத்தி வைத்துக் கதை சொன்னேன். பாவம், மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுக் கேட்டாள். வேறு வழியில்லை, கதவடியில் இருந்தது நான். சொன்னதில் பாதியை இங்கே எழுதுகிறேன். மற்றப் பாதி என்னுடைய புழுகு.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், சந்தைக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு கணினி திருத்தும் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்ந்தவள் நான். பெயர் தவமலர். சேர்ந்தது துண்டு எழுதத்தான். யாருடைய கணினி, அதற்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் முதலாளியின் இரண்டு கையும் ஒரு பெட்டிக்குள் மாட்டியிருந்தபோது, "உந்த ஆணியை ஒருக்காக் கழட்டும்" என்றார். கழற்றினேன். அதுதான் என் பட்டப்படிப்பு. அதற்குப் பிறகு நாலு வருடம் கழற்றிக்கொண்டே இருந்தேன். பூட்டுவதற்கு ஐந்தாம் வருடம்தான் விட்டார்.

முதலாளியை எல்லோரும் குலம் அண்ணை என்போம். என்னைவிட மூன்று வயதுதான் கூட. முன்பு ரேடியோ திருத்தியவர். மனிதரோடு அவர் கதைப்பது குறைவு, கணினியோடுதான் கதைப்பார். அதுவும் மரியாதையாக. பெட்டியை மேசையில் வைத்து, "என்ன செய்யுது உங்களுக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஆணியில் கை வைப்பார். பெட்டியைக் கொண்டுவந்த ஆளுக்கு ஒரு "ம்" கிடைக்கும். அதற்குக் கோபித்துக்கொண்டு போனவர்களும் அடுத்த முறை வருத்தம் வந்தால் அவரிடம்தான் வந்தார்கள்.

அவருக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. கழற்றிய ஆணிகள் முட்டைத் தட்டில் ஒவ்வொரு குழியாக வரிசையில் இருக்க வேண்டும். ஒரு வயரைப் பிடுங்கும் முன் அது எங்கே இருந்தது என்று பெட்டியின் உள்தகட்டில் பென்சிலால் படம் கீற வேண்டும். பெட்டியின் முகத்தில் இருக்கிற பொத்தானிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் உள்ளே போய், தாய்ப்பலகையில் ஊசி போல நிற்கும் இரண்டு கம்பிகளில் ஏறும். முகத்தில் எரியும் சின்ன விளக்கின் வயருக்கு இடம் வலம் உண்டு, மாறிப் போட்டால் எரியாது. பொத்தானின் வயருக்கு அந்த வீம்பு இல்லை, எப்படிப் போட்டாலும் சரி. பொத்தானே இல்லாவிட்டாலும் திருப்புளி நுனியால் அந்த இரண்டு கம்பியையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் இயந்திரம் எழும்பிவிடும். முதல் தடவை நான் தொட்டு அது எழும்பியபோது கடை முழுக்கத் துள்ளினேன். குலம் அண்ணை இயந்திரத்தைத் தட்டி, "பயப்பிடாதேங்கோ, உவ இப்பிடித்தான்" என்றார்.

ஒரு கணம் தொட வேண்டும், அவ்வளவுதான். தொட்டபடியே நாலு செக்கன் பிடித்தால் இயந்திரம் அணைந்துவிடும். உள்ளே ஏதாவது சிக்கிக்கொண்டால் அடித்து நிறுத்துவதற்காக எல்லாக் கணினிக்கும் வைத்திருக்கிற விதி அது. எனக்கு அதைப் படிப்பித்தது சரஸ்வதி பூசை.

விஜயதசமிக்கு அடுத்த நாள் கோப்புப் பார்க்கிற கந்தோர் ஒன்றிலிருந்து கணினி வந்தது. "போட்டால் வருகுது, வந்த உடனை போகுது" என்று துண்டில் எழுதினேன். குலம் அண்ணை அன்று கோயிலுக்குப் போயிருந்தார். விடுவேனா? கடையிலிருந்த நல்ல சாமான்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டேன். கடைசியில் அந்தக் கணினியில் பழையதாக மிஞ்சியது வெறும் பெட்டியும் அதன் முகமும்தான். அப்போதும் வந்தது, போனது. குலம் அண்ணை திருநீற்றோடு வந்தார், குனிந்தார், பெட்டியின் முகத்தில் மூக்கை வைத்து மணந்தார். "சந்தனம்" என்றார்.

புத்தகத்துக்கும் படத்துக்கும் பொட்டு வைத்த கந்தோர்க்காரர் கணினிக்கும் வைத்திருக்கிறார்கள். கணினிக்கு நெற்றி எது? நடுவிலே வட்டமாக இருக்கிற பொத்தான்தானே! நல்ல பக்தியோடு அப்பியிருக்கிறார்கள். அது இடுக்கால் வழிந்து உள்ளே காய்ந்து, பொத்தான் அமத்தினால் உள்ளே போய்விடும், திரும்பி வர மனமில்லாமல் ஆற அமர வரும். அது வருவதற்குள் நாலு செக்கன் முடிந்துவிடும். அந்தக் கிழமை மட்டும் அதே வருத்தத்தோடு இன்னும் நாலு பெட்டிகள் வந்தன. அடுத்த வருடம் நவராத்திரிக்கு முதலே, "பொட்டைப் பெட்டியின் பக்கத்தில் வைக்கவும், பொத்தானில் வைக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கடை வாசலில் ஒட்டினேன்.

உடைந்த பொத்தானுக்கு அதே அச்சில் இன்னொன்று தேடினால் கிடைக்காது. அந்தக் குறையில்தான் என்னுடைய கண்டுபிடிப்புப் பிறந்தது: வீட்டு வாசலில் இருக்கிற பெல் சுவிச்சு. அமத்தினால் போகும், விட்டால் வரும். எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடக்கும். வயரை நீட்டி மேசை மேல் பூட்டினால் குனியவும் தேவையில்லை. கம்பஸில் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய நாகரிகமாகப் போய்விட்டது. என் தலை கொஞ்சம் வீங்கியதும் அப்போதுதான்.

வாடகை அறையில் இருந்து படித்த ஒரு மாணவன் பூட்டுவதற்குச் சுவிச்சு வாங்கிப் போனான். இரண்டு கிழமையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்காரர் வருகிற நேரமெல்லாம் தன் கணினி நின்றுவிடுகிறது என்று முறைப்பட்டான். அந்த மனிதருக்குக் கண்ணூறு கடுமையோ என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். குலம் அண்ணை ஒரே ஒரு கேள்வி கேட்டார், சுவிச்சை எங்கே பூட்டினீர் என்று. மேசையில் இடமில்லாதபடியால் கதவு நிலையில் பூட்டினானாம். கதவடியில் பெல் சுவிச்சு இருந்தால் வருகிறவர் அமத்தாமல் வேறு என்ன செய்வார்? எழும்பி நிற்கிற கணினியை ஒருக்கால் அமத்தினால் அது படுத்துவிடும். குலம் அண்ணை பெட்டியின் பக்கம் திரும்பி, "உங்களிலை ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

இனி மேகலாவின் கதை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை உடுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி ஓர் அம்மா வந்தார். பூரணம் என்று பெயர். கையில் பெட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. மகள் மேகலாவுக்கு முப்பத்தொரு வயது என்றார். பதினாறு வயதில் வந்த முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கி, தோள்மூட்டும் இறுகிப்போயிற்றாம். ஆனாலும் உள்ளங்கையில் ஒரு பென்சிலைக் கட்டிக்கொண்டு, அதன் றப்பர் முனையால் குத்திக் குத்தித் தட்டச்சு செய்வாளாம். அவள் செய்வது கல்வெட்டு வேலை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் தேவாரங்களையும் சேர்த்துப் புத்தகம் அடித்துக் கொடுப்போம், அதைத்தான் கல்வெட்டு என்போம். நாள் தள்ளிப்போக முடியாத வேலை அது.

பூரணம் அக்கா காலை ஆறு மணிக்குக் கணினியைப் போட்டுவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போவார். எட்டு மணிக்குக் கரண்ட் போய் எட்டேகாலுக்கு வந்துவிடும். ஆனால் நின்ற கணினியை எழுப்ப ஆள் வேண்டுமே. பொத்தான் பயறளவு, குழிக்குள் இருக்கிறது. பென்சில் முனை வழுக்கும். மத்தியானம் அம்மா வரும்வரை மேகலா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நெல்லியடியில் ஓர் அச்சகம் அவளுக்கு நிரந்தரமாக வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வரும் திங்கள் தொடக்கம் ஒரு கிழமை பார்ப்பார்கள், காலையில் அனுப்பும் பக்கங்கள் மத்தியானத்துக்கு முதல் திரும்பி வர வேண்டும். தான் தோட்டத்தை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதாகத் தாய் சொல்லிப் பார்த்திருக்கிறார். "நீங்கள் இருந்து சுவிச்சுப் போட்டுத்தான் நான் வேலை செய்ய வேணுமெண்டால் எனக்கு உந்த வேலையே வேண்டாம்" என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இது பெல் சுவிச்சு அலுவல், நாளைக்கே வருகிறேன் என்றேன். குலம் அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

புதன்கிழமை என் ஸ்கூட்டியில் போனேன். வழியில், மரம் ஒன்றும் இல்லாத வல்லை வெளியில் அடிக்கிற காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது, ஸ்கூட்டி தன் பாட்டில் வீதியோர வெள்ளக் கானுக்குப் போகப் பார்த்தது. மேகலா கதிரையில் இருந்தபடி, வாங்கோ அக்கா, உங்களையும் காத்துக் கொண்டுவந்ததோ என்று வரவேற்றாள். அவளை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. மேசை விளிம்பில், அவளுடைய முன்னங்கை எட்டும் இடத்தில் பெல் சுவிச்சைப் பூட்டினேன். முன்னங்கையை மெல்ல நகர்த்திக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். கணினி எழும்பியது. நான் கை தட்டினேன். தட்டி முடிய முதல் கணினி நின்றுவிட்டது.

இன்னொரு தடவை. எழும்பியது, நின்றது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "கை போகுதக்கா. திரும்பி வாறதுக்குத்தான் அதுக்கு நேரம் வேணும்" என்றாள் மேகலா. தோள் இறுகிய கை, வைத்த இடத்திலிருந்து எழும்ப ஏழெட்டுச் செக்கன் எடுத்தது. எங்களுக்கு இருந்தது நாலு.

வியாழக்கிழமை, கரண்ட் வந்தால் தானாக எழும்பும்படி கணினிக்குள்ளே மாற்றிவைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் கரண்ட் ஒரேயடியாக வருவதில்லை; வந்து, போய், வந்து, யோசித்து, பிறகுதான் நிற்கும். ஒவ்வொரு தடவையும் கணினி எழும்பி விழுந்தது. கேள்விப்பட்ட குலம் அண்ணை, அவரைக் கொல்லப் பார்க்கிறீரோ என்று கேட்டார். அவர் என்றது கணினியை.

வெள்ளிக்கிழமை எனக்கு மூளை வேலை செய்தது, அல்லது அப்படி நினைத்தேன். காந்தம் கிட்டப் போனால் தானாக ஒட்டுகிற ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்ச் சுவிச்சு இருக்கிறது, கதவு அலாரத்தில் வருவது. அதை மேசைக் காலில் ஒட்டி, அதற்கு முன்னால் ஒரு காந்தத்தை நூலில் தொங்கவிட்டேன். மேகலா முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் காந்தம் குழாயைக் கடந்து போகும், ஒரு கணம்தான் ஒட்டும். தட்டினாள். எழும்பியது! ஆனால் போன காந்தம் திரும்பி வந்தது. பிறகும் போனது, பிறகும் வந்தது. போ என்கிறார்களா வா என்கிறார்களா என்று தெரியாமல் கணினி முழித்தது. மேகலா சிரித்த சிரிப்பில் கதிரையே ஆடியது. "அக்கா, இது ஊஞ்சல். எனக்கு ஒரு சுவிச்சுத் தாங்கோ" என்றாள்.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் வல்லை வெளிக்கு வந்தபோது அழுதுவிட்டேன். காற்றுக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் நம்புவீர்கள், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். திங்களுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வாயால் பந்தல் போட்டது நான், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறது அவள்.

சனிக்கிழமை காலை குலம் அண்ணையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். என் தோல்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் முதலே கேட்கவில்லை என்று கேட்கவில்லை. எழும்பிப் போய், பின் அறையிலிருந்து பழைய மாரி பிஸ்கற் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தார். ரேடியோக் காலத்துச் சாமான்கள். அதற்குள் கையை விட்டு, சின்ன உருளையாக ஒரு கண்டென்சரை எடுத்தார். பிறகு, நான் அவர் வாயால் கேட்ட ஆகப் பெரிய பேச்சைப் பேசினார்.

"இதை ஒரு செம்பு எண்டு வையும். சுவிச்சை அமத்தினால் கரண்ட் இதுக்கை ஓடும். செம்பு நிரம்பினால் ஓட்டம் நிண்டிடும். அவ கையை வைச்சுக்கொண்டு நாள் முழுக்க இருந்தாலும், கம்பியூட்டருக்கு ஒரு கணம் தொட்ட மாதிரித்தான் இருக்கும். கையை எடுத்தால் செம்பு தன்ரை பாட்டிலை வடியிறதுக்கு ஒரு றெசிஸ்டரைப் பக்கத்திலை போடுவம்."

கடையிலிருந்த ஒரு கணினியில் கட்டிப் பார்த்தோம். முதல் செம்பு சிறியது, தொட்டதே கணினிக்குத் தெரியவில்லை. இரண்டாவதும் போதவில்லை. மூன்றாவதில் எழும்பியது. நான் பெல் சுவிச்சின் மேல் முழங்கையை ஊன்றி, அப்படியே ஒரு கோப்பைத் தேத்தண்ணியையும் ஆறுதலாகக் குடித்து முடித்தேன். கணினி நிற்கவே இல்லை! கோப்பையோடு எழும்பி ஆடினேன். பிறகு கை எடுத்து, திரும்ப வைத்து, எடுத்து, இருபது முறை பார்த்தோம். குலம் அண்ணை ஒவ்வொரு முறைக்கும் சுவரில் ஒரு கோடு கீறினார்.

ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் உடுப்பிட்டிக்குப் போனோம், அவர் மோட்டார் சைக்கிளில், நான் பின்னால் ஸ்கூட்டியில். பூரணம் அக்கா வாசலிலேயே மறித்து, நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முதல் போட்டுவிட வேண்டும் என்றார். நேரம் மூன்றரை. அரை மணித்தியால வேலை. குலம் அண்ணை பெட்டியைத் திறந்து, சுகம் விசாரித்து, படம் கீறி, ஈயம் பற்றவைக்கிற கோலைக் கரண்டில் செருகினார். கோல் சூடேற முதல் கரண்ட் போய்விட்டது.

நாலு மணியாயிற்று. நாலு பத்தாயிற்று. பூரணம் அக்கா மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், ராகுவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது நான் என்பது போல. குலம் அண்ணை எழும்பி, கேளாமல் குசினிக்குள் போனார். அடுப்பில் சிரட்டைத் தணல் கிடந்தது. கோலின் முனையை அதற்குள் புதைத்து, சிவக்கச் சிவக்க ஓடிவந்து ஒரு பொட்டு ஈயம் வைத்தார். திரும்ப ஓடினார். அப்படி நாலு ஓட்டம். நான் யன்னலடியில் பெட்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, ஓடுங்கோ அண்ணை, ஓடுங்கோ என்று கத்தினேன். முதலாளியை அப்படி விரட்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

வயர் எல்லாம் ஏறிவிட்டது. கரண்டைத்தான் காணவில்லை. இதற்கிடையில் பூரணம் அக்கா குழைத்த சந்தனத்தோடு புதுச் சுவிச்சை நோக்கி வந்தார். நான் பாய்ந்து அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவர் யோசிக்கவே இல்லை, குனிந்து நின்ற குலம் அண்ணையின் நெற்றியில் வைத்துவிட்டார்.

நாலு இருபத்தாறுக்கு மேலே விசிறி சுற்றத் தொடங்கியது. பூரணம் அக்காவின் கை தன் பாட்டில் பெட்டியின் பழைய பொத்தானை நோக்கிப் போனது. பதினைந்து வருடமாக மகளுக்கு எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்த கை அல்லவா, அதற்கு வேறு தெரியாது.

"அம்மா, கையை எடுங்கோ" என்றாள் மேகலா.

சத்தமாகச் சொல்லவில்லை. பூரணம் அக்கா கையை இழுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். மேகலாவின் முன்னங்கை மேசை விளிம்பு வழியாக நகர்ந்து நகர்ந்து போய், சுவிச்சின் மேல் அமர்ந்தது. கணினி எழும்பியது. நான் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. நாலு வந்தபோது என் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது திரையில் வெளிச்சம் இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. மேகலா கையை எடுக்கவே இல்லை. வேண்டுமென்றுதான் வைத்திருந்தாள். முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டுக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. பூரணம் அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. குலம் அண்ணை சந்தனப் பொட்டோடு பெட்டியைப் பார்த்து, "நன்றி" என்றார்.

நான் அந்த அறையை விட்டு அசையும் எண்ணத்தில் இல்லை. அணைத்து ஒருக்கால் போடு, பென்சிலால் ஒருக்கால் அமத்து, மற்றக் கையால் ஒருக்கால் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பூரணம் அக்கா திரையில் வெயில் விழுந்தால் கண்ணுக்குக் கூடாது என்று யன்னலைச் சாத்தப் போனார். குலம் அண்ணை வயரை ஆணி வைத்து ஒழுங்காக அடித்துத் தரட்டா என்று கேட்டார்.

"எல்லாரும் ஒருக்கா வெளியிலை போறீங்களே? எனக்கு வேலை கிடக்கு" என்றாள் மேகலா.

நாங்கள் இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். பூரணம் அக்கா வாசற்படியில் நின்று, "பிள்ளை, எனக்கும் சேத்தோ சொன்னனீ?" என்று உள்ளே கேட்டார்.

"ஓம் அம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதற்குப் பின்னாலேயே பென்சில் குத்துகிற சத்தமும் தொடங்கிவிட்டது. பூரணம் அக்கா கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்டு வருகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, ஒரு தரமும் திரும்பிப் பார்க்காமல் தோட்டத்துக்குப் போனார்.